பதிவு வேறு, உரிமம் வேறு

சேத்தியாத்தோப்பிலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக் கொண்டமையால் அதனை விடுத்து, விஷயத்தை மட்டும் இங்கே தருகிறோம். கரும்பு வெட்டி வந்த பணமும், சாலையோரத்து அரை மனையை விற்ற பணமுமாக ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய் அவரிடம் இருக்கிறது. இளைய மகளின் திருமணத்திற்கென வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். நெய்வேலியில் ஒப்பந்த வேலை பார்க்கும் மைத்துனரின் மகன் ஒரு ஞாயிறு மாலை வந்து, கைப்பேசியில் ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சைத் திறந்து காட்டி, "மாமா, வங்கி வட்டி எந்தக் காலத்துக்குப் போதும்? இது லைசென்ஸ் வாங்கின கம்பெனி" என்றாராம். ஐயம் தீர்வதற்காக மூன்று சான்றிதழ்களின் படங்களையும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். "இவை செல்லுமா? இந்தக் கம்பெனி நம்மைப் போன்றவர்களிடம் பணம் வாங்க அனுமதி பெற்றதுதானா? எங்கே போய்க் கேட்பது?" என்பது வாசகரின் கேள்வி.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னர் இக்கேள்வியைக் கேட்டமைக்காக அவரைப் பாராட்டுகிறோம். கொடுத்த பின்னர் வரும் கடிதங்களே நமக்கு அதிகம். அவற்றுக்கு என்ன பதில் எழுதுவதென்று பல நாள் யோசிக்க நேர்கிறது.

எக்ஸ்சேஞ்ச் என்பது யாதெனில், பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களை ரூபாய் கொடுத்து வாங்கவும், விற்று ரூபாயாக்கவும் இடம் தரும் நிறுவனம். நெல்லுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எப்படியோ அப்படி என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விற்பனைக்கூடத்தில் மூட்டை நம் கண்முன் கிடக்கிறது. இங்கே நாம் வாங்கிய நாணயம் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. நம் கைப்பேசியில் தெரிவது ஓர் எண் மட்டுமே. ஆகவே அந்நிறுவனம் யார், எந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்ற கேள்வி நாணயத்தின் விலையைக் காட்டிலும் முக்கியமானது.

உரிமம் என்ற சொல் நம் ஊர்களுக்குப் புதிதன்று. அடகுக் கடைக்காரர் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். "பதிவு பெற்ற சீட்டா, வாய்ச் சீட்டா?" என்று கேட்கும் வழக்கம் நம் தாய்மார்களிடையே நெடுங்காலமாக உண்டு. நகையை அடகு வைக்கும்போது கேட்கும் அதே கேள்வியைக் கைப்பேசியின் முன்னும் கேட்க வேண்டியதுதான். ஆயினும் பதிலைப் புரிந்து கொள்வதில் சிறிது சிக்கல் இருக்கிறது. அதனை விளக்கவே இம்மாதப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் அந்த மூன்று சான்றிதழ்களைப் பார்ப்போம்.

ஒன்று, கம்பெனி தொடங்கியமைக்கான சான்றிதழ். கம்பெனிகள் சட்டப்படி எவரும் உரிய கட்டணம் செலுத்தி ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். அவ்வாறு ஒரு நிறுவனம் பிறந்துள்ளது என்பதற்கே அத்தாள் சாட்சி. பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஒருவன் லாரி ஓட்ட முடியுமா? ஓட்டுநர் உரிமம் வேறு அல்லவா? ஜி.எஸ்.டி. எண்ணும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது வரி கட்டுவதற்கான எண்ணேயன்றி, பொதுமக்களின் பணத்தைக் கையாள எவரும் தந்த அனுமதி அன்று.

இரண்டாவது, அமெரிக்க நிதித் துறையின் கீழுள்ள ஃபின்சென் என்ற அமைப்பில் "பணச் சேவை நிறுவனம்" எனப் பதிந்தமைக்கான தாள். பார்வைக்கு மிக மதிப்பாக இருக்கிறது. கழுகுச் சின்னம்கூட இருக்கிறது. ஆனால் இப்பட்டியலில் ஒரு பெயர் இருப்பதாலேயே அந்நிறுவனத்தை அரசு பரிந்துரைப்பதாகவோ, அதன் நேர்மைக்குச் சான்று கூறுவதாகவோ ஆகாது என்று ஃபின்சென் தன் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அத்துடன், அமெரிக்காவில் எங்கோ பதிந்ததற்கும் புவனகிரி வட்டத்தில் வாழும் ஒருவருக்குச் சேவை செய்வதற்கும் என்ன தொடர்பு?

மூன்றாவதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. "ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றது" என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இதனை ஆராயத் தேவையே இல்லை. ரிசர்வ் வங்கி எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கும் உரிமம் வழங்கியதில்லை. இத்தகைய நாணயங்களைக் குறித்து 2013 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்த நிறுவனம் அது. 2018 ஏப்ரல் 6ஆம் நாள், வங்கிகள் இவ்வியாபாரத்தினருக்குச் சேவை செய்யலாகாது என்று சுற்றறிக்கையும் விடுத்தது. அச்சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4ஆம் நாள் ரத்துச் செய்தது உண்மை. தடை நீங்கியது என்பதற்காக உரிமம் பிறந்துவிட்டது என்று பொருளாகாது. எனவே ரிசர்வ் வங்கியின் உரிமம் என்று எழுதப்பட்ட தாள் எதுவாயினும், அதைக் காட்டுபவர் பொய் சொல்கிறார், அல்லது பொய்யை நம்பியிருக்கிறார். நம் வாசகரின் மைத்துனர் மகன் இரண்டாம் வகையினர் என்றே எண்ணுகிறோம். பிள்ளைகளை உடனே திட்டிவிட வேண்டாம்.

அப்படியானால் நம் நாட்டில் இவ்வியாபாரத்துக்குச் சட்டமே இல்லையா என்று கேட்கலாம். முழுமையான சட்டம் என்று எதுவும் நிறைவேறவில்லை. 2021ஆம் ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடருக்கெனப் பட்டியலிடப்பட்ட மசோதா நாடாளுமன்றத்தில் அறிமுகம்கூட ஆகவில்லை. ஆனால் வேறு இரு கதவுகளின் வழியாகச் சட்டம் உள்ளே வந்துவிட்டது. ஒன்று வரி. 2022 ஏப்ரல் முதல் இவ்வகை ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி. அவ்வாண்டு ஜூலை முதல் விற்கும்போதே 1 விழுக்காடு பிடித்தம். ஒன்றில் அடைந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் இடமில்லை. ஆதாயக் கணக்குச் சொல்லும் பிள்ளைகள் இந்த வரிக் கணக்கைச் சொல்வதில்லை.

மற்றொரு கதவே நம் கேள்விக்குரியது. 2023 மார்ச் 7ஆம் நாள் மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அதன்படி அவை நிதியமைச்சகத்தைச் சார்ந்த நிதி நுண்ணறிவுப் பிரிவில், அதாவது எஃப்.ஐ.யு. எனச் சுருக்கிச் சொல்லப்படும் அலுவலகத்தில், பதிவு செய்து கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் யாரென ஆவணம் பெற்று உறுதி செய்ய வேண்டும். கணக்கு ஏடுகளைப் பேண வேண்டும். ஐயத்துக்கிடமான பரிமாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் அலுவலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தியாவில் வாழ்பவருக்குச் சேவை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் இக்கடமை உண்டு. "எங்கள் தலைமையகம் அந்நிய நாட்டில், உங்கள் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்பது செல்லாத வாதம்.

இது ஏட்டளவில் நின்ற விதி அன்று. 2023 டிசம்பர் 28ஆம் நாள் பைனான்ஸ், குகாயின், ஹுவோபி, கிராகன், கேட்.ஐஓ, பிட்ரெக்ஸ், பிட்ஸ்டாம்ப், மெக்ஸி, பிட்ஃபினெக்ஸ் ஆகிய ஒன்பது அந்நிய எக்ஸ்சேஞ்சுகளுக்கு அப்பிரிவு விளக்கம் கோரும் அறிவிப்பு அனுப்பியது. அவற்றின் இணையத் தளங்களை இந்தியாவில் முடக்கவும் கேட்டுக் கொண்டது. 2024 ஜனவரியில் அவை முடக்கப்பட்டன. உலகிலேயே பெரிய எக்ஸ்சேஞ்சு என்று பெயர் பெற்ற பைனான்ஸும் இதில் அடக்கம் என்பது கவனிக்கத்தக்கது. பெரிய பெயர் வேறு, நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட பெயர் வேறு. பின்னர் பைனான்ஸ் பதிவு செய்து கொண்டது. 2024 ஜூனில் அதற்கு 18.82 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. ஓ.கே.எக்ஸ். என்ற இன்னொரு நிறுவனம் தன் இந்திய வாடிக்கையாளர்களிடம் 2024 ஏப்ரல் 30ஆம் நாளுக்குள் பணத்தை எடுத்துக்கொள்ளுமாறு கெடு விதித்து வெளியேறியது. பதிவின்றி இந்தியர்களுக்குச் சேவை செய்தமைக்காக பைபிட் நிறுவனம் 2025 ஜனவரியில் 9.27 கோடி ரூபாய் அபராதத்துக்கு உள்ளாயிற்று. மீண்டும் 2025 அக்டோபரில் 25 அந்நிய நிறுவனங்களுக்கு அறிவிப்புச் சென்றது. 2023 இறுதியில் 31 நிறுவனங்கள் பதிவு பெற்றிருந்தன. 2025 அக்டோபரில் அத்தொகை 50 ஆயிற்று என அப்பிரிவே தெரிவித்தது. இணையத்தில் கண்ணில் படும் எண்ணற்ற பெயர்களுள் இவை மிகச் சிறு பகுதியே.

இங்கே வாசகர்கள் நிதானிக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் பணம் பத்திரம் என்று எண்ணிவிடலாகாது. அந்தப் பதிவு, கள்ளப் பணம் புழங்காதிருக்கக் கண்காணிக்கும் ஏற்பாடு. வங்கி வைப்புத்தொகைக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருப்பதைப் போன்ற எதுவும் இங்கே இல்லை. இவ்வியாபாரத்தில் நட்டம் நேர்ந்தால் முறையிட ஒழுங்குமுறை அமைப்பு இல்லாமற்போகலாம் என்று அந்த நிதிப் பிரிவே தன் அறிவிப்பில் சொல்லியிருக்கிறது.

2024 ஜூலை 18ஆம் நாள் வசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் நடந்த மின்வழித் திருட்டில் ஏறத்தாழ 23 கோடி டாலர், நம் கணக்கில் சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அதனை நடத்தும் ஜன்மாய் லேப்ஸ் என்ற நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றதுதான். பதிவு திருட்டைத் தடுக்கவில்லை. லட்சக்கணக்கான வாடிக்கையாளர் தம் நாணயங்களை விற்கவோ எடுக்கவோ இயலாமல் காத்திருந்தனர். சிங்கப்பூரிலுள்ள தாய் நிறுவனம் அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் சமரசத் திட்டமொன்றைத் தாக்கல் செய்து, ஒப்புதல் பெற்று, 2025 அக்டோபரில்தான் எக்ஸ்சேஞ்சு மீண்டும் திறந்தது. பதினைந்து மாதங்கள்! ஒரு திருமணம் நிச்சயமாகி, நடந்து, பேரக்குழந்தை பிறக்கும் காலம்.

அப்படியானால் பதிவினால் என்னதான் பயன்? இவ்விடத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 25ஆம் நாள் வழங்கிய உத்தரவு நமக்குப் பெரிதும் உதவுகிறது. சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் செலுத்தி வசிர்எக்ஸில் 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாங்கியிருந்தார். திருட்டுப் போனவை வேறு வகை நாணயங்கள். ஆயினும் அவருடைய கணக்கும் முடக்கப்பட்டது. எல்லாரும் நட்டத்தைப் பங்கிட்டுக் கொள்ள வேண்டும் என்றது சிங்கப்பூர்த் திட்டம். அவர் நீதிமன்றத்தை நாடியபோது, "ஒப்பந்தப்படி நடுவர் தீர்ப்பாயம் சிங்கப்பூரில், இங்கே வழக்குப் போட முடியாது" என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அதனை ஏற்கவில்லை. பணம் சென்றது சென்னை வங்கிக் கணக்கிலிருந்து. கணக்கை இயக்கியது சென்னையிலிருந்து. ஆகவே இந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றார். கிரிப்டோ நாணயம் ரொக்கப் பணமன்று என்றாலும், உடைமையாக வைத்திருக்கவும், பிறர் பொறுப்பில் நம்பிக்கையாக ஒப்படைக்கவும் தக்க சொத்து என்றும் கூறினார். சிங்கப்பூர்த் தாய் நிறுவனம் நம் நாட்டில் பதிவு பெறாதது, ஜன்மாய் லேப்ஸோ நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றது என்ற வேறுபாட்டையும் சுட்டிக் காட்டினார். நடுவர் தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரவேண்டும், அல்லது அத்தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்பது உத்தரவு.

நம் வாசகரின் கேள்விக்கு விடை இவ்வழக்கினுள் இருக்கிறது. பதிவு பணத்தைக் காக்காது. ஆனால் கூண்டில் நிறுத்த நம் நாட்டில் ஓர் ஆளைத் தரும். பதிவில்லாத நிறுவனத்தின் மீது கடலூர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் அனுப்புவதாயின் எந்த முகவரிக்கு அனுப்புவது? ஏதோ ஒரு தீவில் ஒரு தபால் பெட்டி எண் இருக்கும், அதுவும் இராது. இதனால்தான் "உரிமம் உண்டா?" என்பதைவிட "நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இந்நாட்டில் யார்?" என்று கேட்பதே சரியான கேள்வி என்று நாம் கருதுகிறோம்.

இனி அதனைக் கண்டுபிடிக்கும் வகை. கைப்பேசியில் தெரியும் பெயர் பெரும்பாலும் கடைப் பலகை மட்டுமே. சட்டப் பெயர் வேறாக இருக்கும். வசிர்எக்ஸுக்கு ஜன்மாய் லேப்ஸ் என்பதைப் போல, காயின்டிசிஎக்ஸ் என்பதற்கு நெப்லியோ டெக்னாலஜீஸ் என்பது சட்டப் பெயர். நிறுவனத்தின் ஒப்பந்தப் பக்கத்தில் நம்முடன் கையெழுத்திடும் தரப்பு எது என்று பாருங்கள். அங்கே இந்திய நிறுவனத்தின் பெயரே இல்லையாயின், அல்லது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்றிருப்பின், ஐயம் கொள்ளுங்கள். அச்சட்டப் பெயர் கிடைத்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் அது உள்ளதா, எப்போது தொடங்கியது என்று எவரும் பார்க்கலாம். நான்கு மாதக் குழந்தை "பத்தாண்டு அனுபவம்" என்று விளம்பரம் செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். நிதி நுண்ணறிவுப் பிரிவின் பதிவு எண்ணை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அப்பிரிவு வெளியிட்ட அறிவிப்புகளில் அதன் பெயர் முடக்கப்பட்டவற்றுள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2016இல் தொடங்கிய "சசேத்" என்ற தளத்தில், பணம் திரட்டும் நிறுவனம் எந்த ஒழுங்குமுறை அமைப்பிடமேனும் பதிவு பெற்றதா என்று தேடலாம், புகாரும் தரலாம். விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ போகும்போது ஒரு பட்டயக் கணக்காளரிடம் அரை மணி நேரம் இதைக் காட்டிக் கேட்பதும் வீண் செலவு ஆகாது.

ஏட்டில் தேட இயலாதவர்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு. முறையான நிறுவனம் பான் எண்ணும் அடையாள ஆவணமும் கேட்டுத் தொல்லை செய்யும். நம் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும். இத்தொல்லை நல்ல அறிகுறி. மாறாக, "ஆவணமே வேண்டாம், இந்த எண்ணுக்கு யுபிஐயில் அனுப்புங்கள்" என்று யாரோ ஒரு தனி மனிதரின் கணக்கைத் தந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விற்கும்போது பிடிக்கும் 1 விழுக்காடு, வருமான வரித் துறைக் கணக்கில் நம் பான் எண்ணின் கீழ் வரவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையெனில் அந்நிறுவனம் நம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பயன்பாட்டுச் செயலியைக் கடையிலிருந்து இறக்காமல் டெலிகிராம் இணைப்பிலிருந்து இறக்கச் சொல்வதும், முடக்கப்பட்ட தளத்துக்குச் சுற்றுவழி கற்றுத் தருவதும் அதே இனம்.

இன்னொன்று, மிகக் கொடியது. கைப்பேசியில் நான்கு லட்சம் எட்டு லட்சமாக வளர்ந்து காட்டும். எடுக்கப் போனால், "முதலில் வரியாக 30 விழுக்காட்டைக் கட்டுங்கள்" என்பார்கள். இந்திய வருமான வரியை எக்ஸ்சேஞ்சிடம் முன்பணமாகக் கட்டும் விதி எங்கும் இல்லை. பிடித்தம் என்பது விற்ற தொகையிலிருந்து கழிப்பதே. நம் கையிலிருந்து மேலும் வாங்குவதன்று. அப்பணத்தைக் கட்டியவர்களுக்கு அடுத்த வாரம் "அபராதம்" என்று இன்னொரு தொகை வரும்.

மாதந்தோறும் இத்தனை விழுக்காடு நிச்சயம் என்று உறுதி கூறுபவர் எக்ஸ்சேஞ்சே நடத்தவில்லை, வைப்புத்தொகை திரட்டுகிறார். அது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு உரிய விஷயம். 2022இல் வெளிவந்த ஆருத்ரா கோல்டு வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை கூறியது. அங்கே தங்கம் என்றார்கள், இங்கே பிட்காயின் என்கிறார்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. துபாயில் 2022இல் இதற்கென வாரா என்ற அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. சிங்கப்பூரில் நாணய ஆணையம் உரிமம் தருகிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அயல்நாட்டினருக்கு மட்டும் சேவை செய்யும் நிறுவனங்களும் உரிமம் பெறாவிடில் 2025 ஜூன் 30ஆம் நாளோடு நிறுத்த வேண்டுமென அது உத்தரவிட்டது. அங்குள்ள உரிமம் அங்கே வாழ்பவருக்கே. துபாயிலுள்ள மகனுக்குச் செல்லுபடியாகும் நிறுவனம், சேத்தியாத்தோப்பிலுள்ள தகப்பனாருக்கும் செல்லுபடியாகும் என்று கொள்ளலாகாது.

நம் வாசகர் அனுப்பிய படங்களில் இந்தியச் சட்டப் பெயரோ, நிதி நுண்ணறிவுப் பிரிவின் பதிவு எண்ணோ எங்கும் காணப்படவில்லை. எனவே, அந்நிறுவனத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்பதே நம் பதில். பதிவு பெற்ற வேறொரு நிறுவனத்தில் போடலாமா என்று அவர் அடுத்துக் கேட்கக்கூடும். மகளின் திருமணத்துக்கென நாள் குறித்து வைத்த பணத்தை, பதினைந்து மாதம் முடங்கக்கூடிய இடத்தில் போடுவதற்கு நாம் உடன்படோம்.

மைத்துனரின் மகன் ஏற்கெனவே தம் பணத்தை அனுப்பியிருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர் இன்றே 1930 என்ற எண்ணை அழைத்து இணையவழிக் குற்றப் பிரிவில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எத்தனை விரைவில் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த அத்தனை வாய்ப்பு உண்டு. அழைக்கும்போது பணம் அனுப்பிய நாளும் நேரமும், பரிவர்த்தனை எண், பெற்றவரின் கணக்கு அல்லது யுபிஐ முகவரி, வாட்ஸப் உரையாடல்களின் படங்கள் ஆகியவை கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு அந்த உரையாடல்களை அழித்துவிட வேண்டாமென்று அவரிடம் சொல்லுங்கள்.